பத்தரைக்குப் பன்னிரண்டு

என்னைத் தவிர எங்கள் வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். மாமனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கணவர் கணக்கு வாத்தியார். நாத்தனார் உயிரியல் டீச்சர். நான் தையல்காரி. ஆகவே அந்த வீட்டில் நான் கடைசி பெஞ்ச்.

இரண்டு வருடமாக என் எலும்பெல்லாம் குடைந்தது. தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தேன். குடித்ததைவிட அதிகமாகக் கழிவறைக்கு நடந்தேன். ரவிக்கைக்கு அளவெடுத்து எழுதிவிட்டு, அது யாருடைய அளவு என்பதை மறந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகும்.

"சோம்பேறித்தனத்துக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கல" என்றார் மாமனார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து சாய்வு நாற்காலியை விட்டு எழாதவர் சொன்னதால், அனுபவசாலியின் வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

நாத்தனார் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டாள். "எலும்பு வலின்னா கால்சியம் கம்மின்னு அர்த்தம், அண்ணி" என்று தீர்ப்புச் சொல்லி, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரை கொடுத்தாள். இரண்டு மாதம் விழுங்கினேன். வலி கூடியது. பொறுக்க முடியாமல் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தேன்.

ரிப்போர்ட் வந்தபோது கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே வாங்கிப் பார்த்தார்.

"அப்பா, இங்க பாருங்க. கால்சியம் பன்னிரண்டு! பக்கத்துல எட்டரையிலேர்ந்து பத்தரைன்னு போட்டிருக்கான்."

"அப்போ பாஸ் மார்க் எட்டரையா?"

"ஆமா. பத்தரைக்குப் பன்னிரண்டு வாங்கியிருக்கா!"

"அதான் தடிச்ச எழுத்துல போட்டிருக்கான். எல்லாருக்கும் அப்படிப் போடுவானா?"

கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று காலமெல்லாம் பார்த்துப் பழகிய கண்கள். மற்ற எண்களையும் ஒவ்வொன்றாக டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டார் கணவர். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்த வீட்டில் என்னை மெச்சியது அன்றுதான். வெட்கக்கேடு, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமேங்க" என்றேன்.

"பாஸானவங்க யாராவது மறுபடி பரீட்சை எழுதுவாங்களா?" என்றார். மாத்திரையை மட்டும் விடக்கூடாதாம். எடுத்த மார்க்கைக் காப்பாற்ற வேண்டுமாம்.

மூன்றாவது வாரம் ஒரு துணிக்கட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். வலது மணிக்கட்டு மளுக்கென்றது. விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. கத்தரி பிடிக்கும் கை அது. அது போனால் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சுரப்பி டாக்டரிடம் அனுப்பினார். நான் போனேன், குடும்பமே பின்னால் வந்தது. கழுத்திலும் வயிற்றிலும் ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்.

"கழுத்துல தைராய்டு இருக்கு. உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு அது பாத்துக்கும். அதுக்குப் பின்னால அரிசி அளவுல நாலு குட்டிச் சுரப்பிங்க. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா, எலும்புலேர்ந்து எடுத்துக் குடுக்கச் சொல்லும். போதும்னா நிறுத்திடும். உங்களுக்கு அதுல ஒண்ணு வீங்கிப்போய், நிறுத்தாம எடுத்துக்கிட்டே இருக்கு. ரத்தத்துல கூடினது உங்க எலும்பும்மா. இந்த ரிப்போர்ட் வந்து மூணு வாரமாச்சே, என்ன பண்ணீங்க?"

"கொண்டாடினோம்" என்றேன்.

கணவர் மின்விசிறியைப் பார்த்தார். நாத்தனார் தொண்டையைச் செருமினாள். "அந்தப் பாடம் புத்தகத்துல இருக்கு டாக்டர். வளர்ச்சிக்கு மூளைக்கு அடியில ஒரு சுரப்பி, அப்புறம் இதெல்லாம். ரெண்டு மார்க் கேள்விதான் வரும்னு நான் நடத்துறதில்ல."

"மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க. வீங்கினதை எடுத்துட்டா மத்த மூணும் வேலையப் பாத்துக்கும். இந்த வாரமே பண்ணிடலாம். தள்ளிப்போட்டா அடுத்து இடுப்பெலும்பு உடையும். கிட்னியில ஏற்கெனவே கல் இருக்கு" என்றார் டாக்டர்.

நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, இடது கட்டைவிரல் வச்சா போதும்" என்று மை டப்பாவைத் திறந்தாள்.

கணவர் துள்ளி எழுந்தார். "கைநாட்டா? மூணு தலைமுறையா வாத்தியார் குடும்பம் சிஸ்டர் இது! ரெண்டே வாரம் டைம் குடுங்க. நாலு கோடு நோட்டு வாங்கித் தரேன். தினம் ரெண்டு பக்கம் எழுதினா இடது கையாலயே கையெழுத்துப் போட்டுடுவா."

"அழகா வரலைன்னாலும் தெளிவா வந்துடும்" என்றார் மாமனார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார்களோ என்று கணவரின் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது. என் மணிக்கட்டு உடைந்த அன்று அந்த முகத்தில் நான் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காத வேதனை இப்போது அங்கே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

மை டப்பாவை என் பக்கம் இழுத்தேன். நர்ஸ் காட்டிய மூன்று பக்கத்திலும் விரலை அழுத்தி வைத்தேன். அவள் கேட்காத நாலாவது பக்கத்திலும் ஒன்று வைத்தேன்.