அண்ணனின் பேட்ஜ்

தொண்ணூற்றிரண்டு நாட்கள் அண்ணனின் சட்டையில் தொங்கிய, உடம்பில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் பேட்ஜ் அது. தங்கை அதை அளவுக்கருவியில் வைத்துப் பார்த்தாள். கதிர்வீச்சு பட்ட அடையாளமே இல்லை.

அணுமின் நிலையத்தில் எரிந்து தீர்ந்த எரிபொருளை வெட்டி, அமிலத்தில் கரைத்து, மறுபடி எரிக்கக்கூடியதைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. வெட்டும் அறைக்கு வெளியே, கெட்டியான ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இருக்கும் இயந்திரக் கைகளை அசைப்பது அண்ணனின் வேலை. அங்கே நிற்பவர்கள்மேல் துளியாவது படாமல் இருக்காது. அண்ணனின் பேட்ஜோ வாசல் காவலாளியுடையதைப் போல இருந்தது.

அடுத்தது, எல்லோரும் மொட்டை என்று கூப்பிடும் அண்ணனின் கூட்டாளியுடையது. அண்ணனும் அவனும் அதே கண்ணாடி முன் மாறி மாறி நிற்பவர்கள். அவனுக்கு வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு.

மறுபடி அளந்தாள். கருவியின்மேல் பழிபோட வழியில்லை.

ஆண்டு வரம்பைத் தாண்டினால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பயந்து பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறானா? இல்லை, தன் கதிர்வீச்சுக் கணக்கை மொட்டையின் தலையில் கட்டுகிறானா? நான்கு மணிக்குள், அளவுகள் சரிதான் என்று அவள் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். போட்டால் அண்ணன் உடம்புக்கு அவளே உலை வைத்த மாதிரி. போடாவிட்டால் விசாரணை வரும், அவன் வேலை போகும்.

உணவுக்கூடத்தில் அண்ணனும் மொட்டையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் தேநீர் தொடாமலே ஆறிக் கிடந்தது.

"என்ன தங்கச்சி, மூஞ்சி கடுகடுன்னு இருக்கு?" என்றான் மொட்டை.

"உங்க பேட்ஜ் ரெண்டு மடங்கு காட்டுது."

"என் தலைப் பளபளப்புல அதுக்கும் கண்ணு கூசியிருக்கும்."

அண்ணன் சிரிக்கவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"கழட்டி வச்சுட்டு நிக்கிறியாண்ணா?"

"ஒரு நாளும் கழட்டினதில்ல."

"அப்போ ரெண்டு பேரும் மாத்திப் போட்டுக்கிறீங்களா?"

"போலீசுக்குப் போக வேண்டியவ, வழி தவறி இங்க வந்துட்ட," என்றான் மொட்டை.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்க." தாளையும் பேனாவையும் அண்ணன் முன்னால் தள்ளினாள். "கழட்டலன்னு நீயே எழுதிக் கொடு. நான் நம்பிக் கையெழுத்துப் போடறேன்."

அண்ணன் தாளைப் பார்த்தான். வலது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

"கொடு, நான் எழுதறேன்," மொட்டை சட்டென்று பேனாவுக்குக் கை நீட்டினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணன் எழுதட்டும்," என்றாள் அவள்.

அண்ணன் மெதுவாகக் கையை மேலே கொண்டுவந்து பேனாவை எடுத்தான். அதன் முனை தாளில் படபடவென்று தட்டியது. ஒரு எழுத்தும் விழவில்லை, புள்ளிகள்தான்.

"வேணாம்டா," என்றான் மொட்டை.

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தான்.

"மூணு மாசமா கை நடுங்குது. நான் அந்தக் கண்ணாடி பக்கமே போகல. என் வேலையையும் இவன்தான் பாக்கறான்."