புய் லெங்கின் கேள்வி

எங்கள் ஃபூங் குடும்பத்தின் பொதுப்பணத்தை எந்தப் பங்கில் போடுவது என்று இருபத்தாறு வருடமாக நான்தான் சொல்லிவந்தேன். மலேசியாவின் ஈப்போவில் அப்பாவின் ஈயச் சுரங்க நிலத்தை விற்ற பணம் அது. தம்பிகள் ஒருநாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. இந்த வருடம் கடைசித் தம்பி ஹோங், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி டிம்சம் பலகாரம் சாப்பிடும் மேசையில், செண்டானா டைல்ஸ் கம்பெனியின் ஆண்டறிக்கையை என்னைத் தாண்டித் தன் மனைவி புய் லெங்கிடம் நீட்டினான்.

“இவளும் ஒரு தடவை பாக்கட்டுமே அண்ணே. பேங்குல வேல செய்யறவ. உங்களுக்கும் கண்ணாடி நம்பர் ஏறிக்கிட்டே போகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இந்த வருடம் செண்டானாவில் போடுவதென்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். கம்பெனியைப் பார்க்க எனக்கொரு வழி உண்டு. நூறு பங்கு வாங்கிக்கொண்டு ஆண்டுக் கூட்டத்துக்குப் போவேன். வாசலில் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் பையைத் தூக்கிப் பார்ப்பேன். கனம் குறைந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. போன வருடம் செண்டானா ஆளுக்கொரு ரைஸ் குக்கர் கொடுத்தது. லாபமும் மூன்று வருடமாக ஏறுமுகம்.

இரண்டு நாள் கழித்துப் புய் லெங் தனியாக என் வீட்டுக்கு வந்தாள்.

“எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாம்னு வந்தேன் மாமா. லாபம் நாப்பது மில்லியன்னு போட்டிருக்கான். வியாபாரத்துல கைக்கு வந்த காசு ரெண்டு மில்லியன்தான். மிச்சமெல்லாம் கடனுக்கு வித்தது.”

“டைல்ஸ் வியாபாரம் கடன் இல்லாம நடக்குமா? டிவிடெண்ட் ஒழுங்கா குடுக்கறானே!”

“அதையும் பேங்குல கடன் வாங்கித்தான் குடுக்கறான். வர வேண்டிய பாக்கியில பாதிக்கு மேல ஒரே ஆளு தரணும். அந்த ஆளு சேர்மனோட மருமகன். கடைசிப் பக்கத்துக் குறிப்புல இருக்கு.”

குறிப்புகளை நான் ஒருநாளும் படித்ததில்லை. கல்யாணமாகி வந்து ஒன்பது வருடம்கூட ஆகாதவள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது.

“சேர்மன் வாயாலேயே பதில் வாங்கறேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத” என்றேன். அவர் சொல்லும் பதிலில் அவள் முகம் சுருங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வாரமே நடந்த செண்டானாவின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, அவள் சொன்னதையே வார்த்தை மாறாமல் கேட்டேன். சேர்மன் தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்த கணக்கு அதிகாரியைப் பார்த்தார்.

“எழுத்துல பதில் அனுப்பறோம் ஐயா.”

“மருமகன் எப்ப தருவாருன்னு சொல்லிட்டுப் போங்க லா!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். அரங்கமே சிரித்தது. வெளியே வந்தபோது முன்பின் தெரியாத நாலு பேர் என் கையைக் குலுக்கினார்கள். யாரோ எடுத்த வீடியோ எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் உட்காருவதற்குள் ஹோங் ஆரம்பித்துவிட்டான்.

“என்னா கேள்வி அண்ணே! சேர்மனுக்கு வேர்த்துப்போச்சு! இவளுந்தான் ஒரு வாரமா அறிக்கையைக் கட்டிக்கிட்டு அழுதா, ஒரு வார்த்தை சொல்லல.”

நான் புய் லெங்கைப் பார்த்தேன். சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒரு சண்டையாவது போடலாம்.

“மாமா மாதிரி சபையில எழுந்து கேக்க எனக்குத் தைரியம் வராதுங்க” என்றாள். குரலில் கேலி இல்லை.

அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை. அவள் பார்த்து விட்டுக்கொடுத்த பெயரோடு இந்த மேசைக்குத் தலைவனாக இருப்பதா?

“கேள்வி என்னோடது இல்ல” என்றேன். “எல்லாம் இவ கண்டுபிடிச்சது. செண்டானா வேணாம்.”

அப்படியெல்லாம் இல்லை என்று யாராவது எனக்காக மறுப்பார்கள் என்று நினைத்தேன். “அப்படியா!” என்றான் ஹோங். கொஞ்ச நேரம் கழித்து, இனிமேல் எல்லா அறிக்கையும் புய் லெங்கே பார்க்கட்டும் என்று இரண்டாவது தம்பி சொன்னான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நானும் ஆட்டினேன். அவள் என் தட்டில் வைத்த இறால் கொழுக்கட்டையை மட்டும் தொடவில்லை.