தரை தொடாத ஆஸ்பத்திரி

நன்கொடை நாடு கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரி, திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நின்றது. சுவரில் விரிசல் இல்லை. தண்ணீர்த் தொட்டி கூரையிலும் ஜெனரேட்டர் பின்கட்டிலும் இருந்ததால் எந்தக் குழாயும் அறுபடவில்லை, எந்த விளக்கும் அணையவில்லை. முதலில் வந்த நோயாளி கால் வீங்கிய ஒரு லாரி ஓட்டுநர். வாசலில் சற்று நின்று பார்த்தார், கையை ஊன்றி ஏறினார், உள்ளே போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாவதாக வந்தவர் அவரைப் பார்த்து அதேபோல் ஏறினார்.

கட்டடத்தைக் கவனித்துக்கொள்ள நன்கொடை நாடு அனுப்பியிருந்த கள அதிகாரி, இயற்பியல் படித்த, அதிகம் பேசாத ஒரு பெண். அவள் அளவுநாடாவை எடுத்து நான்கு மூலைகளிலும் அளந்தாள். நான்கும் ஒரே உயரம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் உயரத்துக்கு இடம் இல்லை. ‘கட்டடம் நிற்கிறதா?’ என்றுதான் கேட்டிருந்தார்கள். நிற்கிறது என்று எழுதினாள். எதன்மேல் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அவளாகவே உயரத்தைத் தனியே எழுதி அனுப்பினாள். அங்கே யாரோ அதை ‘வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தலைமை அலுவலகத்துக்கு நான்கு மாடிகள். முதல் மாடியில் கடனாகக் கொடுப்பவர்கள், இரண்டாவதில் மானியமாகக் கொடுப்பவர்கள், மூன்றாவதில் பொருளாகக் கொடுப்பவர்கள், நான்காவதில் வல்லுநர்களை அனுப்புகிறவர்கள். பணத்தை வாங்குகிற நாட்டின் கஜானாவிலேயே போட்டுவிட்டு ‘நீங்களே பார்த்துச் செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லும் பிரிவுக்கு மாடி கிடையாது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை உண்டு. அதில் ஒருவர் ஓய்வுபெறும் நாளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு முடிவெடுத்த வருடத்தில் நன்கொடை நாட்டின் இரும்பாலை ஒன்றுக்கு வேலை இல்லை, தேர்தலும் வந்துகொண்டிருந்தது. ஆகவே மூன்றாவது மாடி ஜெயித்தது. தூண், ஓடு, கதவு, கதவின் தாழ்ப்பாள், கலவைக்கு மணல் என்று எல்லாமே கப்பலில் வந்தன. இனிமேல் உதிரிப் பாகங்களும் கப்பலில்தான் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். ஒவ்வொரு கப்பல் வந்து போனதும் கட்டடம் கொஞ்சம் எழும்பியது. இரண்டாம் வருடக் கடைசியில் அதன் அடியில் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள்.

இழுத்துக் கட்டுவதற்கென்று எஃகுக் கயிறுகள் வந்தன. அவையும் கப்பலில் வந்தவைதானே. அவிழ்த்த உடனே எழும்பி, கட்டடத்துக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டு நின்றன. வேறு இரண்டு நாடுகள் உதவிக்கு வந்தன. ஒன்று படிக்கட்டு கொடுத்தது, மற்றொன்று கைப்பிடி கொடுத்தது. படிக்கட்டு முழங்கால் உயரத்தில் மிதந்தது, கைப்பிடி தலைக்கு மேலே மிதந்தது. இரண்டையும் யாரும் ஒன்றாகப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது நாடு ஒன்று ஊழியர்களுக்குப் படி ஏறும் பயிற்சி நடத்திச் சான்றிதழ் வழங்கியது. எல்லோரும் ‘பெரிய சிஸ்டர்’ என்று கூப்பிடும் தலைமைச் செவிலி தன்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

“சர்டிஃபிகேட் இருக்கு மேடம். காலை வைக்கத்தான் படி எட்டல” என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கள அதிகாரியின் அப்பா போன் செய்வார். ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர்.

“என் வரிப்பணம் எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்குப்பா.”

“எங்க இருக்கு?”

“மேல.”

“பத்திரமா பாத்துக்க. காத்துல போயிடப் போகுது.”

மூன்றாம் வருடம் மழைக்கு முன்னால் தலைமை அலுவலக இயக்குநர் போனில் கூப்பிட்டார். மழை முடிந்ததும் ஆய்வுக்கு வருவதாகவும், கட்டடம் அப்போது தரையில் இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு எல்லாவற்றையும் பிரித்துக் கப்பலில் ஏற்றவேண்டும் என்றும் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. காய்ந்த துணியை எடுத்து மடிக்கச் சொல்வதுபோல் சொன்னார். கள அதிகாரி போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். இதை விட்டால் அடுத்த ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் அரை நாள். இது வருவதற்கு முன்பு அந்தப் பஸ்ஸிலேயே பிரசவங்கள் நடந்தன. பெரிய சிஸ்டரே அதில் பிறந்தவள்தான். தான் பிறந்த நிறுத்தத்தில் இப்போது நிழற்குடை போட்டிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வாள். எல்லாப் பிரசவமும் அப்படி முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பட்டறை வைத்திருந்த வெல்டரின் முதல் குழந்தை அந்த மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் இறந்துபோனது. அவர் மனைவிக்கு இப்போது மறுபடியும் மாதம் ஏறிக்கொண்டிருந்தது. மழை முடியும் சமயத்தில் குழந்தை பிறக்கும்.

வெல்டரின் மனைவிக்கு உயரம் என்றால் தலை சுற்றும். மிதக்கும் படிக்கட்டில் பாதி ஏறியவள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். படி கொடுத்த நாட்டையும், கைப்பிடி கொடுத்த நாட்டையும், கட்டிக்கொண்ட புருஷனையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டினாள். நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். அன்று சாயங்காலம் வெல்டர் ஒரு பழைய லாரியின் அடிச்சட்டத்தை வெட்டி, நடந்து ஏறுகிற மாதிரி நீளமாக ஒரு சாய்வுப் பாதை செய்து, அதன் மேல்முனையை ஆஸ்பத்திரி வாசலின் அடி உத்தரத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். காலையில் கள அதிகாரி வந்து பார்த்தாள்.

“யாரைக் கேட்டுண்ணே இதை ஒட்டினீங்க?”

“வீட்டுக்காரியைக் கேட்டேன் மேடம். சரின்னுட்டா.”

ஒப்பந்தப்படி அதை உடனே அறுத்து எடுக்கவேண்டும். அதற்காகத்தான் அவள் அளவுநாடாவை வெளியே எடுத்தாள். கட்டடம் ஒரு சாண் இறங்கியிருந்தது. இன்னொரு முறை அளந்தாள். பிறகு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, “இருக்கட்டும்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தனக்குத் தெரிந்த முறையில் போனாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாள். லாரி இரும்பு உள்ளூர் இரும்பு என்பதால் இறங்கியதோ என்று நினைத்து, உள்ளூர்ச் சூளையில் செங்கல் வாங்கிப் பின்சுவரின் உட்பக்கத்தை ஒட்டி ஒரு திண்டு கட்டச் சொன்னாள். ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஏன் என்று புரியாமல் பல நாள் சோறு இறங்காமல் இருந்தாள். பிறகு ஒரு வேலையாகத் தலைநகரத்துக்குப் போய்த் திரும்பியபோது, வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசுகிறது என்று பெரிய சிஸ்டரும் வார்டு ஆட்களும் சேர்ந்து காத்திருக்கும் கூடத்துக்குக் கிளிப்பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்க்கவே பகீரென்றிருந்தது. கட்டடம் ஒரு முழம் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் ஜன்னல் திரை வாங்கும்போது எந்தத் துணி என்று அவளே சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. அதே கடைக்கு மறுபடியும் அனுப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பெரிய பெரிய பூப்போட்ட திரை வந்தது. மாட்டிய உடனே கட்டடம் நான்கு விரற்கடை இறங்கியது. பொருள் எங்கே விளைந்தது என்பதில் விஷயம் இல்லை, எது வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது என்று அவள் முடிவுக்கு வந்தாள். அதற்குமேல் சந்தேகப்படவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டு, படிக்கட்டுக்குக் கீழே இருப்பவரைக் கேட்டாள். அவர் மேசையில் போன் அடித்தே வருடக்கணக்காகியிருந்தது. பராமரிப்புப் பணம் முழுவதையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் கொடுத்துவிட என்ன வழி என்று கேட்டாள். அவர் உற்சாகமாகி, வேண்டிய காகிதங்களைத் தானே தயார் செய்து, மூச்சு வாங்க மாடி ஏறி இயக்குநர் முன்னால் வைத்தார். இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

“பணத்தைக் கையில கொடுத்தா என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“பச்சைப் பெயிண்ட் அடிப்பாங்க சார்.”

“தப்பு தப்பாப் பண்ணுவாங்கம்மா.”

“பண்ணட்டும் சார். நாம பண்ணின தப்பு மேல நிக்குது. அவங்க தப்பாவது கீழ நிக்கும்.”

இயக்குநர் மடங்கியது அதற்காக இல்லை. உதிரிப் பாகங்கள் கொண்டுவரவேண்டிய கப்பல் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது. நிதியாண்டோ முடியப் போகிறது. கொடுக்காமல் மிஞ்சும் பணம்தான் அந்த அலுவலகத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம். அவர் கையெழுத்துப் போட்டார். பணம் கைமாறிய அன்று கட்டடம் ஒரு முழம் இறங்கியது. வாசலுக்கு மேலே மாட்டியிருந்த பித்தளைப் பலகை மட்டும் இறங்கவில்லை. ‘நன்கொடை நாட்டு மக்களின் அன்பளிப்பு’ என்ற எழுத்துகளோடும் தன் திருகாணிகளோடும் சுவரை விட்டு விலகி, முன்பு இருந்த உயரத்திலேயே காற்றில் நின்றுவிட்டது.

மாவட்டச் சுகாதார அலுவலரை ஊரில் ‘மாவட்டம்’ என்றே சொல்வார்கள். மாவட்டம் முதல் வேலையாக, சுவருக்குப் பொருந்தாத அளவில் ஒரு பெரிய கடிகாரம் வாங்கினார். கட்டடம் இறங்கியது. தன் மச்சானைக் காவலாளியாக வைத்தார். அதற்கும் ஒரு விரற்கடை இறங்கியது. மச்சான் வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று செவிலியர்கள் மாவட்டத்தின் வீட்டு வாசல்வரை போய்ச் சண்டை போட்டு அவரை நீக்க வைத்தபோது ஒரு சாண் இறங்கியது. மருந்து வாங்குவதில் ஒரு தப்பு நடந்தது. அதைத் திருத்தினார்கள். இரண்டுக்கும் இறங்கியது. கட்டடம் இறங்க இறங்க வெல்டர் தன் சாய்வுப் பாதையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வந்தார். வெட்டிய துண்டுகளில் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு பெஞ்சு செய்தார். மழை முழுவதும் இப்படியே போனது.

இயக்குநர் வருவதற்கு முந்தைய நாள் இன்னும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஒரு வாரமாக அது அசையவில்லை. மதியம் வெல்டரின் மனைவிக்கு வலி எடுத்தது. ஒரு கையில் புருஷன் தோளையும் மறு கையில் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள், அந்த ஒரு சாண் இடைவெளியையும் அதற்குள் தெரிந்த இருட்டையும் பார்த்து நின்றுவிட்டாள்.

“இது நாளைக்கு இங்க இருக்குமா, இருக்காதா? எனக்கு அதைச் சொல்லு. பெத்துப் போட்டுட்டு இருக்கும்போது பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்களா?” என்று கத்தினாள்.

கள அதிகாரியின் அறை வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் மிக நல்ல அறை அதுதான். காற்றோட்டமும் வெளிச்சமும் தனிக் குழாயும் அதற்கு உண்டு. மாவட்டம் எது வாங்கினாலும் கடைசியில் அவள் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஒரு வரி சேர்த்திருந்தது. மாவட்டம் அனுப்பிய காகிதங்கள் மேசையில் அடுக்காக இருந்தன. அவள் காகிதங்களைப் பார்த்தாள், வாசலில் நிற்பவளைப் பார்த்தாள். பிறகு எல்லாக் காகிதத்தையும் கையெழுத்துப் போடாமலே அள்ளி வராந்தாவில் நின்ற மாவட்டத்தின் கையில் திணித்தாள்.

“இனிமே இது எங்கிட்ட வரவேண்டாம் சார்.”

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே தரையில் வைத்தாள். சாவியைப் பெரிய சிஸ்டரிடம் நீட்டினாள்.

“இந்த ரூமை என்ன பண்ணலாம் சிஸ்டர்?”

“இத்தனை நாளா நான் என்ன சொல்லிட்டிருக்கேன்? பிரசவ ரூம்!” என்றாள் பெரிய சிஸ்டர், சாவியைப் பிடுங்கிக்கொண்டே.

தலைச்சுமையை இறக்கி வைப்பதுபோல் ஒரு சத்தத்தோடு ஆஸ்பத்திரி தரையில் உட்கார்ந்தது. அடியில் படுத்திருந்த நாய் ஒன்று தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியது. வெல்டரின் மனைவி வலது காலை எடுத்து வைத்து உள்ளே நடந்தாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை.

மறுநாள் இயக்குநர் வந்து, கூடத்தில் ஷூவால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கிளிப்பச்சைச் சுவரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். வெளியே வந்து, கூரைக்கும் மேலே காற்றில் நின்ற பித்தளைப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். நன்கொடை நாட்டின் பங்களிப்பு தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிகிறது என்று அறிக்கையில் எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை.

கள அதிகாரி ஊர் திரும்பினாள். படிக்கட்டுக்குக் கீழே இருந்தவர் ஓய்வுபெற்றதும் அந்த மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அங்கே மூன்று மேசைகள் இருக்கின்றன. போனும் அடிக்கடி அடிக்கிறது. அவளுடைய அப்பா ஒருமுறை தன் வரிப்பணத்தைப் பார்த்துவரக் கிளம்பிப் போனார். ஆஸ்பத்திரியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“இது மட்டும் ஏம்மா இறங்கல?”

“அதை நாங்க யாரும் கேக்கலையே ஐயா” என்றாள் பெரிய சிஸ்டர்.

பலகையை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வழி கேட்கிறவர்களுக்கு அடையாளமாகச் சொல்வார்கள், காக்கைகள் உட்காரும். பஸ் நிறுத்தம் இருட்டாக இருக்கிறது என்று வெல்டரின் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடத்தில் சொன்னாள். வெல்டர் ஏணி வைத்து ஏறி, அந்தப் பலகையிலிருந்து ஒரு பல்பைத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு பலகை ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. இறங்கட்டும், ஒயரை நீளமாகத்தான் விட்டிருக்கிறேன் என்கிறார் அவர்.