எண்பத்துநாலு சங்கிலி

அருள்தாஸுக்கு முப்பத்திரண்டு வயதாகிறது என்பதை அவன் வாயால் கேட்டவர் யாருமில்லை. ஆவடிப் பட்டாளத்து டிப்போவில் மற்றவர்கள்தான் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், அதுவும் அவன் காதில் விழும்படியாக. வயது என்ன குஷ்டரோகமா, தள்ளி நின்று பார்ப்பதற்கு? ஆனால் அப்படித்தான் பார்த்தார்கள்.

ஒரு காலத்தில் இதே ஜனங்கள் அவனை 'நாலு முப்பத்தெட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தொன்றாம் வருஷம் மாதா கோவில் திருவிழாப் பந்தயத்தில், திருவள்ளூர் ரோட்டில் பதின்மூன்றாம் கல்லிலிருந்து பதினான்காம் கல் வரைக்கும் ஒரு மைலை நாலு நிமிஷம் முப்பத்தெட்டு விநாடியில் ஓடி முடித்தான். அந்தச் செய்தி பூந்தமல்லி வரைக்கும் போயிற்று. பிறகு டிப்போ வந்தபோது அந்தப் பேருக்காகவே சாமான் கிடங்கில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள். டிப்போ சார்பில் வருஷா வருஷம் மதராஸுக்குப் போய் ஓடுகிறவனும் அவன்தான்; அங்கே முதலில் வருகிறவனுக்கு மட்டும்தான் நேரம் குறிப்பார்கள், அவன் முதலில் வந்ததில்லை.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. சாமான் குறைந்தது, ஆளும் குறையவேண்டும் என்றார்கள். கிடங்கில் பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது. காப்டன் துரை ஒன்று மட்டும் சொல்லியிருந்தார்: பிப்ரவரியில் மதராஸ் மைல் பந்தயத்துக்கு டிப்போ அனுப்பும் ஆள் யாரோ, அவனுக்கு வேலை நிரந்தரம். அனுப்பப் போவது ஒரே ஒருவனைத்தான்.

குறுக்கே வந்து நின்றவன் வெள்ளானூர் ஆனந்தன். இருபத்தொரு வயது, டிப்போவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சோதனை ஓட்டம் மூன்று நடந்தது. டிப்போவுக்கு மைதானம் கிடையாது, அதனால் எப்போதும்போலக் கல்லிலிருந்து கல்லுக்குத்தான் ஓட்டம். மூன்றிலும் அருள்தாஸ் நாலு ஐம்பத்திரண்டு, ஆனந்தன் நாலு ஐம்பத்துமூன்று. மூன்றிலும் ஆனந்தன் அவன் தோளை ஒட்டியே வந்து, தோளுக்குப் பின்னாலேயே முடித்தான்.

ஜெயித்தவனை அனுப்பிவிட்டுப் போகவேண்டியதுதானே? அதுதான் இல்லை. டிப்போவின் விளையாட்டுக் கமிட்டி கூடிப் பேசியது. ஐந்து வருஷத்தில் பதினாலு விநாடி இறங்கியிருக்கிறான், இறங்குகிற காலை நம்பி எப்படி அனுப்புவது என்று முதலில் வாயைத் திறந்தவன் டேவிட். அவன் வேறு யாருமில்லை, அருள்தாஸின் மனைவி ஞானசௌந்தரியின் கூடப்பிறந்த அண்ணன். ஃபிட்டர் வேலை, ஓட்டக்காரர்களைப் பழக்குவதும் அவன்தான். மச்சானே கத்தியை எடுத்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தலைமைக் குமாஸ்தா லோகநாதன் ஆமாம் போட்டார். முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.

அன்று வாசலிலேயே அருள்தாஸ் டேவிட்டின் சட்டையைப் பிடித்தான். டேவிட் கையைத் தட்டிவிடவில்லை.

"நான் பொய் சொல்லலியே மாப்ளே. உன் காலு இறங்கிப்போச்சு. கடியாரம் சொல்லுது, நான் சொல்றேன்."

ஞானசௌந்தரி சண்டையைக் கோவில் வரைக்கும் கொண்டுபோனாள். பூசை முடிந்து வெளியே வந்த அண்ணனை வாசலில் மறித்து, தங்கை குடியைக் கெடுக்கிற வாயில் நன்மை அப்பம் வாங்க வெட்கமாயில்லையா என்று கேட்டாள். சாமியாரே திரும்பிப் பார்த்தார். அருள்தாஸுக்கு அது பிடிக்கத்தான் செய்தது. ஆனாலும் கடியாரத்தை யார் சட்டை பிடித்துக் கேட்பது? தன் கால் நிஜமாகவே இறங்கிவிட்டதோ என்று விடிகாலை ஓடும்போதெல்லாம் தொடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸ் ஸ்டேஷன் டீக்கடைக்குள் நுழையும்போது நாலு பேர் அவனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் முனியன், டிப்போவில் மூட்டை தூக்குகிறவன், அதற்கு முன்னால் ரோட்டு வேலைக் கூலி. வயசான மாட்டுக்கு ரோடும் நீளமாகத்தான் தெரியும் என்றான் ஒருவன். முனியன் அதைக் கேட்டுப் புரைக்கேறச் சிரித்தான்.

"ரோடு நீளம்தான்டா. அந்தப் பதினாலாங் கல்ல நட்டதே நாங்கதான."

அருள்தாஸ் அவன் கழுத்துத் துண்டைப் பிடித்து நிறுத்திக் கேட்டபோது விஷயம் வந்தது. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸே காலியானபோது, எதிரிக்கு வழி தெரியக்கூடாது என்று மைல்கல்லையெல்லாம் பிடுங்கிப் போடச் சொன்னார்களாம். அடுத்த வருஷம் திரும்ப நடச் சொன்னார்கள்.

"பழைய குழி தூர்ந்துபோச்சு அண்ணாத்தே. வெயிலு மண்டையப் பொளக்குது. அப்பால புளியமரம் இருந்துச்சு, நெழலா கீதேன்னு அங்கயே நட்டுட்டோம். மேஸ்திரியும் அங்கதான் தூங்கிகினு இருந்தாரு."

சர்க்கார் கல் பொய் சொல்லுமா என்று இத்தனை வருஷம் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அருள்தாஸ் முனியனை அடிக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. வெள்ளானூர் கர்ணத்தின் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சி நிலம் அளக்கிற சங்கிலியை வாங்கிவந்தான். அவனும் முனியனும் ஆளுக்கொரு முனையாக உச்சி வெயிலில் பதின்மூன்றாம் கல்லிலிருந்து அளந்தார்கள். ஒரு மைலுக்கு எண்பது சங்கிலி. புளியமரத்துக் கல்லைத் தொடும்போது எண்பத்துநாலு. நம்பாமல் திரும்பி அளந்தான். அதே எண்பத்துநாலு.

திங்கட்கிழமை அவன் கமிட்டி அறைக்குள் நுழைந்த நடையைப் பார்க்கவேண்டுமே! காப்டன் துரை மேஜைக்குப் பின்னால், பக்கத்தில் லோகநாதன், ஜன்னலோரம் டேவிட், கதவருகே ஆனந்தன். சங்கிலியை மேஜைமேல் தொப்பென்று போட்டுவிட்டு, முனியனைச் சாட்சிக்கு முன்னே தள்ளினான். லோகநாதன் முகம் சுளித்துக்கொண்டே கணக்குப் போட்டார். நாலு சங்கிலி என்றால் எண்பத்தெட்டு கெஜம். அவன் ஓடுகிற வேகத்துக்கு அது பதினாலு விநாடி. நாலு ஐம்பத்திரண்டில் பதினாலு போனால் நாலு முப்பத்தெட்டு.

ஐந்து வருஷத்தில் ஒரு விநாடிகூட இறங்கவில்லை. அருள்தாஸ் டேவிட்டைப் பார்த்து, இப்போது சொல்லு மச்சான், யார் கால் இறங்கியது என்று கேட்டான். உன் வாயில் மண் என்று சொல்லவும் நாக்கு துடித்தது, துரை முன்னால் அடக்கிக்கொண்டான். டேவிட் கண்ணைத் தாழ்த்தி மேஜைமேல் கிடந்த சங்கிலியைப் பார்த்தான். அருள்தாஸுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. லோகநாதன் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வரி எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, அதே பதினாலை ஆனந்தனுக்கும் கழிக்கவேண்டுமே என்றார். நாலு முப்பத்தொன்பது.

கதவருகே நின்றவன் இரண்டடி முன்னால் வந்தான். இதுவரை அருள்தாஸ் எதிரில் வாயைத் திறந்து பேசாதவன்.

"நெசமாவா? அப்போ அண்ணாத்தே இத்தினி நாளா முழுசாத்தான் ஓடினாரா?" அவன் லோகநாதனைத்தான் கேட்டான். "நாலு முப்பத்தெட்டு ஓடுன ஆளு நாலு அம்பத்திரண்டுல வர்றாரே, பாக்கிய வெச்சிகினு ஓடுறாருன்னு நெனச்சேன். தாண்டினா பிச்சிகினு போயி மானத்த வாங்கிடுவாருன்னுதான் பின்னாலயே வந்தேன்."

லோகநாதன் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னதும் துரை கைக்கடியாரத்தைப் பார்த்தார். சரியான மைலில் இன்றைக்கே ஓடிவிடட்டும், ஜெயித்தவன் மதராஸுக்கு என்று சொல்லி எழுந்துவிட்டார். ஜெயித்தவனை அனுப்பு என்று ஒரு வாரமாகக் கத்தியவன் அருள்தாஸ்தான். இப்போது என்ன சொல்லி மறுப்பது?

ஐந்து மணிக்குப் பட்டாள லாரிகளை நிறுத்தி ரோட்டைக் காலி செய்தார்கள். எண்பதாவது சங்கிலியில் டேவிட் சுண்ணாம்புக் கோடு போட்டான். பதின்மூன்றாம் கல்லில் துரை கைத்துப்பாக்கியால் சுட்டார், லோகநாதன் கடியாரத்தை அழுத்தினார், இரண்டு பேரும் ஜீப்பில் ஏறிக் கோட்டுக்கு முந்திப் போய் நின்றார்கள்.

அருள்தாஸ் வெறியோடு ஓடினான். பொய்க் கல்லை நட்டவன்மேல் கோபம், அளந்த தன் கைமேல் கோபம், தோளுக்குப் பின்னால் கேட்கிற அந்த மூச்சின்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அரை மைலில் மூச்சு அங்கேயேதான் இருந்தது. முக்கால் மைலில் அது பக்கத்துக்கு வந்தது. அருள்தாஸ் கையை வீசினான், தலையைக் கவிழ்த்தான், நெஞ்சுக்கூடு பிளந்தாலும் பிளக்கட்டும் என்று காலை எட்டிப் போட்டான். அவன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. ஆனந்தன் ஒருதரம் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் பயம் விட்டுப்போய் ஓடத் தொடங்கினான். அந்த முதுகை அருள்தாஸ் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். கோடு வருவதற்குள் அது ஆறேழு கெஜம் தள்ளிப் போய்விட்டது.

கோட்டைத் தாண்டி ரோட்டோரப் புல்லில் விழுந்து வாந்தி எடுத்தான். துரை ஆனந்தனின் கையைக் குலுக்குவதும், கிடங்கு ஆட்கள் அவனைத் தூக்குவதும் கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் தன்னைத் தூக்கிய தோள்கள்தானே என்று நினைத்தான், வெறுப்பாக இருந்தது. லோகநாதன் கடியாரத்தை இரண்டுமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். ஆனந்தன் நாலு முப்பத்தைந்து. அருள்தாஸ் நாலு முப்பத்தாறு.

டேவிட் பக்கத்தில் வந்து குந்தினான். தண்ணீர்ச் செம்பை நீட்டினான். அருள்தாஸ் வாங்கவில்லை.

"நான் சொன்னது தப்பு மாப்ளே. உன் காலு இறங்கல. நீ ஓடினதுலயே இன்னிக்கு ஓடினதுதான் ஒசத்தி. ஊருக்கே சொல்றேன்."

ஒரு வாரமாக இந்த வாயிலிருந்து இந்த வார்த்தையைப் பிடுங்கத்தான் அவன் சட்டையைப் பிடித்தான், கர்ணத்திடம் கெஞ்சினான், வெயிலில் சங்கிலி இழுத்தான். அது வந்துவிட்டது. அருள்தாஸ் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தான்.

"இத்த உன் தங்கச்சியாண்ட போயி சொல்லு மச்சான். நாளைக்கு அடுப்புல இன்னா வெக்கிறதுன்னு அவ என்னைக் கேக்கப்போறா."

டேவிட் செம்பைக் கீழே வைத்தான். எழுந்து போகாமல் அவன் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.