நிலைப்படியின் கீழ்

மேற்கு மலையின் முகட்டில் முகில் இறங்க, பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரித்து வீழ, அந்நீரைத் தாங்கிய சிற்றாறு இலஞ்சி வயல்களைத் தொட்டுத் தென்காசியை நோக்கி ஓடிவரும் ஆனித் திங்களின் அழகை நும்மில் அறியாதார் இலர், கற்றறிந்த பெரியீர்! வெயிலும் சாரலும் ஒன்றையொன்று துரத்தி விளையாட, உச்சி இழந்து நின்ற பழங்கோபுரத்தில் புறாக்கள் சிறகுலர்த்த, குற்றாலச் சாலையெங்கும் எண்ணெய் வழியும் தலைகளும் ஈரத் துணிகளும் நிறைய, வெளியூரார் குடும்பம் குடும்பமாய் மகிழ்ந்து செல்லும் காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டில் அத்தகையதொரு சனிக்கிழமைக் காலையில், தென்காசியின் மேலைக் கோடியிலிருந்த சிறு வீடொன்றின் முன்னே கொத்தனார் ஒருவன் குந்தியமர்ந்து, தன் வீட்டு நிலைப்படியின் அடிமண்ணை இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். சாரலின் அழகு அவன் கண்ணில் படவே இல்லை.

அவன் பெயர் வேதக்கண். சுடலைமாடன் என்னும் பெயரோடு பிறந்து வளர்ந்தவன், ஏழாண்டுகளுக்கு முன் மனைவி பாலம்மாளோடும் கைக்குழந்தையோடும் திருமுழுக்குப் பெற்று இப்பெயர் பூண்டான். வழிபாட்டில் அவன் குரலே மற்றெல்லார் குரலையும் மிஞ்சும். பேயும் பில்லியும் ஆண்டவர் பெயரின் முன் நில்லா என்று பாடுங்கால் அவன் கழுத்து நரம்பு புடைக்கும். பாடி முடித்து வீட்டுக்கு வந்ததும் கம்பியை எடுப்பான். வாயிலில் ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்தால் அது வண்டியிலிருந்து விழுந்ததென்று அவன் நம்பான். கோழியிறகு பறந்து வந்தால் யார் வீட்டுக் கோழியென்று தெருவெல்லாம் கேட்பான். மகள் ஞானப்பூ இருமுறை இருமினால் போதும், குற்றாலத்தில் எண்ணெய்க் கடை வைத்திருந்த தன் தமையன் பரமசிவன் ஏதோ செய்துவிட்டான் என்று வெலவெலத்துப் போவான்.

“நித்தமும் படிய இப்பிடிக் குத்துதியளே, உள்ள புதையலா இருக்கு?” என்று பாலம்மாள் கேலி செய்வாள்.

“உனக்குத் தெரியாதுட்டீ, சும்மா கெட” என்பான். அவளுக்குத் தெரியாது என்பது மெய்தான்.

அவன் ஏன் நிலைப்படியையே ஐயுற்றான் என்பதை இனியும் மறைத்துப் பயனில்லை. ஒன்பதாண்டுகளுக்கு முன், தந்தையின் நிலம் பங்கானபோது, கால்வாய்த் தலைப்பில் நீர் முந்திப் பாயும் வயல் மூத்தவனுக்கும், கடைமடை வயல் இளையவனுக்கும் போயிற்று. ஊரார் கூடி முடித்த பங்கு அது, இளையவனும் தலையாட்டினான். ஆயினும் நெஞ்சில் வெந்துகொண்டே இருந்தான். அவ்வாண்டே பரமசிவன் குற்றாலத்தில் வீடு கட்டத் தொடங்கி, கொத்துவேலைக்கு அயலானை அழையாமல், தம்பி என்ற உரிமையோடு இவனையே அழைத்தான். நிலை வைக்கும் நன்னாளில் படியின் அடியில் நவமணித் துணுக்குகளையும் பொன்துண்டையும் அண்ணி முப்பிடாதியம்மாள் தன் கையாலேயே இட, அவளும் மற்றவர்களும் மஞ்சள் நீர் எடுக்கத் திரும்பிய நொடியில், கடையம் என்னும் ஊருக்கு அப்பாலிருந்த ஒரு மந்திரக்காரனிடம் எழுதி வாங்கி வந்த செப்புத் தகட்டைச் சுண்ணாம்புச் சாந்தோடு சாந்தாக இவன் உள்ளே வைத்துப் பூசினான். வீடு அழியவேண்டும் என்பதே அத்தகட்டின் வேண்டுதல். மறு ஆண்டு மழைக்காலத்தில், ஊரெங்கும் பரவிய காய்ச்சலில், தமையனின் நான்கு வயது மகள் நாச்சியாள் மாண்டாள்.

பின்னர் கிறித்தவக் கோயில் மதிலைச் செப்பனிட வந்த இடத்தில், தொலைந்த மகனைத் தேடும் தந்தையைப் பற்றிய பேச்சு ஒன்று காதில் விழ, கையிலிருந்த கரண்டியை நழுவவிட்டு அழுதவன் இவன். தன் குற்றங்களையெல்லாம் குருவானவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். அன்றுமுதல் அவனுக்கு அமைதி இல்லை. தான் செய்ததைத் தமையனும் செய்திருப்பான் என்ற ஐயம் ஒருபுறம். குருவானவர் மாசிலாமணி தன்னைப் பார்க்கும் பார்வையில் ஏதோ இருக்கிறது என்ற ஐயம் மறுபுறம். தன்னை ஏற்றுக்கொண்ட ஆண்டவரும் அருகில் வைத்துக் கண்காணிக்கவே ஏற்றுக்கொண்டாரோ என்றுகூடச் சில நாளில் ஐயுற்றான். அப்பமும் இரசமும் பெறும் திருவிருந்துக்கு முந்தின நாள் நடக்கும் ஆயத்த வழிபாட்டில், பகையிருந்தால் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, வருவோர் பெயர் எழுதுவது அச்சபையின் வழக்கம். வேதக்கண் ஒவ்வொரு முறையும் பெயர் கொடுப்பான். விடிந்தால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான். ஏழாண்டுகளில் ஒரு முறைகூட அவன் அப்பந்தியில் முழங்காலிட்டதில்லை.

அச்சனிக்கிழமை ஆயத்த வழிபாடு முடிந்ததும் குருவானவர் அவனை நிறுத்தினார். “வேதக்கண், நாளையும் உனக்கு வயிற்றுவலி வருமா?” என்று கேட்டார்.

அவர் முகத்தில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினான். காணவில்லை. அப்போதுதான் அவனுக்குள் எதுவோ உடைந்தது; நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். “அந்தத் தகடு பிள்ளையக் கொன்னுருக்குமா, ஐயா?” என்று இறுதியில் கேட்டான்.

“செம்புக்கு உயிரை எடுக்கும் ஆற்றல் இல்லை. அந்த ஆண்டுக் காய்ச்சலில் நம் சபையிலேயே ஒன்பது பிள்ளைகளை நான் அடக்கம் செய்தேன். ஆனால், அதைப் பூசும்போது உன் நெஞ்சில் என்ன இருந்தது என்று ஆண்டவர் கேட்டால், அவரிடமும் செம்பைப் பற்றித்தான் பேசுவாயா?”

“அண்ணன்ட்ட போய்ச் சொன்னா வெட்டிருவான், ஐயா” என்றான் வேதக்கண்.

“வெட்டினாலும் வெட்டலாம்” என்றார் குருவானவர். “வேண்டுமானால் நானும் உடன் வருகிறேன்.”

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல், நேரே குற்றாலச் சாலையில் நடந்தான். எதிரே வந்த குளித்த முகங்களெல்லாம் தன்னையே உற்றுப் பார்ப்பதாகப்பட்டது. சாலையோர மரத்தடியில் பேச்சை நிறுத்திய இருவர் தன்னைப் பற்றியே பேசியதாகப்பட்டது. மும்முறை திரும்ப எண்ணினான். மும்முறையும், “ஆண்டவரே, கால் உம்முடையது” என்று முணுமுணுத்துக்கொண்டு மேலே நடந்தான்.

நண்பகல் உணவுக்காகக் கடையைச் சார்த்திவிட்டு வந்திருந்த பரமசிவன், வீட்டு முற்றத்தில் வந்து நின்றவனைக் கண்டு கையைக் கழுவாமலேயே எழுந்தான். “ஏலே, இங்கன எதுக்குலே வந்த?” என்றான். முப்பிடாதியம்மாள் அடுக்களை வாயிலில் வந்து நின்றாள்.

வேதக்கண் படியை மிதிக்கவில்லை. சாரலில் நனைந்தவாறே முற்றத்தில் நின்று, தகடு எழுதி வாங்கியது முதல் பூசியதுவரை ஒன்றையும் குறைக்காமல் சொன்னான். சொல்லி முடித்தபோது அண்ணி ஓரடி முன்னால் வந்தாள்.

“தெரியும். பிள்ளை போன பதினாறாம் நாளே தோண்டி எடுத்தாச்சு. படி வச்ச கை உன் கைதானலே? எட்டு வருசமாத் தெரியும். என்னைக்காவது நீயா வந்து சொல்லுவியான்னு பாத்துட்டுக் கெடந்தேன்.” அவள் குரல் உயரவில்லை. “எம் பிள்ளை மேல உனக்கு என்னலே கோவம்?”

“பிள்ளைய நான் நெனைக்கவே இல்ல, மைனி. அண்ணாச்சியத்தான் நெனச்சேன்.” மண்ணில் முழங்காலிட்டு, “என்ன மன்னிச்சிருங்க” என்றான்.

“மன்னிக்கல. அவளை நெனச்சா எனக்கு மன்னிக்க வரல. எந்திரிச்சுப் போ” என்றாள் அவள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, “நீங்க ஏன் குனிஞ்சுட்டு நிக்கிய? நீங்க செஞ்சதையும் சொல்லுங்க” என்றாள்.

வெட்டுவான் என்று அஞ்சி வந்த தமையன், சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தான். “நானும் வச்சேம்லே. உன் வீட்டு அம்மிக்கல்லுக்கு அடியில கெடக்கு. நீங்க எல்லாரும் முழுக்கு வாங்கக் கோயிலுக்குப் போனியள்லா, வீடு ஆளில்லாம கெடந்தது. அன்னைக்கு வச்சேன். பிள்ளைக்குப் பிள்ளைன்னு சொல்லி வச்சேன்.”

பெரியீர், ஏழாண்டுகளாய் வேதக்கண் அஞ்சிய சொல் இதுவே. அவன் ஐயம் பொய்யன்று. தான் வைத்திருக்கக்கூடிய இடத்தையே நாடோறும் குத்திப் பார்த்தவன், தமையன் கொத்தனார் அல்லன் என்பதை எண்ணாமல் போனான். தன் வாழ்வின் தூய நாளென்று நம்பியிருந்த திருமுழுக்கு நாளன்றே, தன் மகளின் பெயரால் பகை வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. இனிப் பழைய அச்சம் வந்து பற்றும் என்று காத்திருந்தான். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் காத்திருந்தான். தொலைவில் அருவி விழும் ஓசையும், அண்ணி விம்மலை அடக்கும் ஓசையுமே கேட்டன. ‘ஆண்டவரே, ஏழாண்டாய் அது அங்கே கிடந்தது, நீரும் அங்கேதான் இருந்தீர்’ என்று அவன் நெஞ்சு தானே சொல்லிற்று. வாய்விட்டுப் பாடியபோதெல்லாம் வாராத அமைதி, பாட்டு மறந்து நின்ற அந்த முற்றத்தில் வந்தது. அவன் அழுதான், அந்த அழுகையில் அச்சம் இல்லை.

அஞ்சியவன் பரமசிவனே. “வாலே, இப்பமே எடுத்துருவோம். பிள்ளை அங்கனதான விளையாடும்?” என்று கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு தம்பிக்கு முன்னே நடந்தான். தம்பிக்கு அதை எடுக்கவேண்டும் என்ற தவிப்பு இல்லை. எடுத்தாலொழியத் தமையனுக்கு உறக்கம் வாராது என்பதால் உடன் சென்றான். அம்மிக்கல் பெயர்க்கப்பட்டு, பச்சைக் களிம்பேறிய தகடு வெளிப்பட்டபோது பாலம்மாள் மார்பில் கைவைத்துக்கொண்டாள். “ஏழு வருசமா இதுக்கு மேலயா அரைச்சேன்? அரைச்சதையெல்லாம் எல்லாரும் நல்லாத்தான தின்னிய!” என்றாள். பரமசிவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பொழுது சாயுமுன் அண்ணனும் தம்பியும் அத்தகட்டைச் சிற்றாற்றில் எறிந்துவிட்டு வந்தார்கள்.

மறுநாட் காலையில் வேதக்கண் கோயிலுக்கு முதலாளாய் வந்து, “மைனி மன்னிக்கல, ஐயா. நான் பந்திக்கு வரலாமா?” என்று கேட்டான்.

“கேட்பது உன் கையில் இருந்தது, கேட்டுவிட்டாய். கொடுப்பது அவள் கையில் இருக்கிறது, அவளை நெருக்காதே. உள்ளே வா” என்றார் குருவானவர். ஏழாண்டுகளுக்குப் பின் அவன் முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கினான், கிண்ணத்தில் பருகினான். பக்கத்தில் இருந்தவர் யார், தன்னை எப்படிப் பார்த்தார் என்பதை அவன் கவனிக்கவில்லை.

புதன்கிழமையன்று பரமசிவன் வந்தான். பிள்ளை இறந்த பதினாறாம் நாள் தோண்டியதால் வீட்டு நிலைப்படி ஆட்டம் கண்டிருந்ததாம். எந்தக் கொத்தனார் கையையும் நம்பமாட்டேன் என்று முப்பிடாதி எட்டாண்டாய் யாரையும் தொடவிடவில்லையாம். “வச்சவனே வந்து வைக்கட்டும்னு சொல்லுதா. வேற ஒண்ணும் சொல்லல” என்றான்.

வேதக்கண் கரண்டியும் தூக்குக்குண்டும் எடுத்துச் சென்றான். அண்ணி அவனிடம் ஒரு சொல்லும் பேசாமல், படிக்கு நேரெதிரே மணைபோட்டு அமர்ந்து, கன்னத்தில் கைவைத்து, அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவும் அஞ்சும் அந்தப் பார்வையை அவன் அறிவான். ஏழாண்டுகள் அவனும் உலகை அப்படித்தான் பார்த்திருந்தான். அவனுக்குச் சினமோ நாணமோ வரவில்லை. ஒவ்வொரு முறையும் சாந்தை அள்ளுமுன் தன் இரு கைகளையும் விரித்து அவளுக்குக் காட்டினான். அள்ளிய சாந்தையும் பலகையில் பரப்பிக் காட்டினான். அவள் பார்த்து முடித்த பிறகே உள்ளே வைத்தான். அரைநாள் வேலை முழுநாள் ஆயிற்று. அண்ணன் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனான். வேதக்கண் விரைவு காட்டவில்லை.

படிக்கல்லைத் தூக்கி வைக்குமுன் பூசவேண்டிய கடைசிப் பூச்சு மட்டும் எஞ்சியிருந்தது. வேதக்கண் வழக்கம்போலக் கைகளை விரித்துக் காட்ட நிமிர்ந்தான். முப்பிடாதியம்மாள் எழுந்திருந்தாள். “மழை வருது. சட்டுன்னு வையி. உலை வைக்கணும்” என்று சொல்லிவிட்டு, திறந்து கிடந்த அந்தக் குழியையும் அதன் முன்னிருந்த அவனையும் முதுகுக்குப் பின்னே விட்டு, திரும்பிப் பாராமல் அடுக்களைக்குள் போனாள்.