இடது தோள்

தெருக்குழாயில் தண்ணீர் வராத வாரத்தில், காட்டுப்புறா ஒன்று தையற்காரரின் இடது தோளில் முட்டை வைத்தது. தப்பு அவருடையதுதான். கடை ஜன்னலை ஒட்டிய கிளையில் அந்த ஜோடி கட்டிய கூடு, கீழிருந்து பார்த்தால் முட்டை தெரியுமளவுக்கு ஓட்டை. நாலு சுள்ளியைப் பரப்பிவிட்டுக் குடித்தனம் நடத்துவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஏணி போட்டு ஏறி, ஊசி நூலால் நெருக்கித் தைத்து, ஓரத்தையும் பாதிவரை மடித்து அடித்துக் கொடுத்தார். காற்றுப் புகாத கூடு பெட்டைக்குப் பிடிக்கவில்லை. முட்டையை அலகில் தூக்கிவந்து அவர் தோளில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டது.

காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் அவர் மனைவி, கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு அவர் தோளையே பார்த்தாள். காட்டுப்புறா ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். இவரோ கல்யாணமான நாள் முதல் எதையும் முழுசாக முடித்ததில்லை. ஊரில் பாதிப்பேர் சட்டை ஒரு கையோடு கடையில் தொங்கியது. கேட்டால் நாளைக்கு என்பார். ஆனால் இப்போது மனிதர் அசையவில்லை. பகலில் ஆண் அடைகாத்தது, இரவில் பெட்டை. சாம்பல் உடம்பு, கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம், வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும் ஓடும் மார்பு. அப்படியொரு துணி எந்த மில்லிலும் கிடையாது என்று அவர் உதடு அசையாமல் சொன்னார். புறாக்கள் பழங்களை முழுசாக விழுங்கிவந்து கொட்டைகளைத் தரையில் போட்டன. மறுநாளே அவை முளைத்தன. ஒரு மரம் தையல் மிஷினை மார்பளவு தூக்கிவிட, அவள் கிளையில் உட்கார்ந்து மிதித்துப் பழகிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கோட்டு கேட்டு வந்து, தையற்காரரை உலுக்கக் கை நீட்டினார். அவள் கத்தரிக்கோலோடு கிளையிலிருந்து இறங்கினாள்.

"அவர் மேல கை வைக்காதீங்க. அவர் வேலையா இருக்கார். கோட்டை நானே முடிச்சுத் தர்றேன்."

சொன்னபடி சாயங்காலமே கொடுத்தாள்.

குஞ்சு பொரிந்தது. தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் ஊறிய பாலை மாறிமாறி ஊட்டின. தகப்பன் பாலூட்டுவதைப் பார்க்க வந்த பெண்கள், திரும்பித் தங்கள் வீட்டுக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார்கள். இறக்கை முளைத்த குஞ்சு ஒருநாள் ஜன்னல் வழியே பறந்துபோனதும், அவர் மெல்லத் தோளைத் தடவிக்கொண்டார்.

"முடிஞ்சுது," என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதேயில்லை. அழுகை வந்துவிட்டது. முகத்தைக்கூடத் துடைக்காமல் தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் முடிச்சுட்டார்."

இன்றும் அந்த ஊரில் சட்டை தைக்கக் கொடுத்தால் இடது தோள் நாலு விரல் அகலமாகத்தான் வரும். யாரும் குறை சொல்வதில்லை. புறா வந்தால் உட்கார இடம் வேண்டுமே.