வெள்ளை வில்லைக்குக் குங்குமம்

ஆயுத பூசைக்கு ஆய்வகத்தில் ஒருவரும் வரவில்லை. வாட்சாப்பில் பன்னிரண்டு பேருக்குச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு பேரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். படத்துக்கா சுண்டல் கொடுக்க முடியும்? போங்கடா என்று நானே கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். கோபத்தில் வைத்ததால் கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது.

அந்தக் கருவி இலைமேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கும். தாகத்தில் இருக்கும் செடி வாடுவதற்கு முன்பே அந்த ஒளியில் அகப்பட்டுக்கொள்ளும். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் பசுமைக்குடிலில் நாற்பது மிளகாய்ச் செடிகளை இருபத்தொரு நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, எது தாங்குகிறது என்று தினமும் அளப்பது என் வேலை. அளக்கும்முன் ஒரு வெள்ளை வில்லையைக் கருவிக்குக் காட்ட வேண்டும். அந்த வெள்ளையோடு ஒப்பிட்டுத்தான் அது இலையை அளக்கும்.

பூசை முடிந்த நான்காம் நாள், இலை சுருண்டு தொங்கிய செடியைக்கூடக் கருவி நன்றாக இருப்பதாகச் சொன்னது. வில்லையைப் பார்த்தேன். துடைத்தும் போகாத சிவப்பு. என் கைவரிசைதான்.

கடைசி நான்கு நாள் கணக்கும் பாழ்; நடுவில் நாள் விட்டுப்போனால் முழுச் சோதனையும் செல்லாது. திரும்ப ஆரம்பித்தால் தீபாவளியன்றும் இங்கேதான் கிடக்க வேண்டும். "இந்தத் தீபாவளிக்கு இங்க வாம்மா" என்று மகள் ஷர்மினி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டிருந்தாள். இரண்டு வருடத்தில் முதல் அழைப்பு. வில்லையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் தாங்காத செடியைத் தாங்கும் என்று எழுதினால், பக்கத்துப் பொந்தியானில் எவனாவது விவசாயி நம்பி நடுவான். அவன் வயிற்றில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆய்வகத் தலைவர் ரூபேந்திரனிடம் போய்ச் சொன்னேன்.

"அலமாக்!" என்று பதறினார். "அந்த வில்லைக்குமா பொட்டு வச்சீங்க, யோகேஸ்வரிக்கா?"

"அதுவும் ஆயுதம்தானே, சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேற வழி இல்ல லா. புதுக் கன்னு எடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

மகளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று மதியம் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"தீபாவளிக்கு அம்மாவால வர முடியாது போலடி. வேலை."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அப்பாடா. நானே எப்படிச் சொல்றதுன்னு இருந்தேம்மா. ஃபிரண்ட்ஸ்லாம் பாங்காக் போலாம்னு டிக்கெட் போட்டுட்டாங்க. எனக்கும் சேத்து."

"போய்ட்டு வா. பத்திரம்" என்றேன்.

என்ன வேலை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுக் கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.